எம்ஜிபி விளையாட்டுக் கார்: வரலாறும் மீட்டெடுப்புச் சிக்கல்களும்

எம்ஜிபி என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட இரண்டு கதவு விளையாட்டுக் கார் ஆகும். திறந்த கூரை கொண்ட ரோட்ஸ்டர், மூடிய கூரை கொண்ட ஜிடி என இரண்டு வடிவங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உற்பத்தி நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பிரித்தானிய கிளாசிக் கார்களை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுவோரிடையே இன்றும் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கின்றன, இயந்திர அமைப்பு எளிமையானது, விலையும் மற்றக் கிளாசிக் கார்களைவிடக் குறைவு. ஆனால் இதை வாங்கி நட்டப்பட்டவர்களும் ஏராளம். நட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் என்ஜின் அல்ல, உடல் தகட்டுக்குள் மறைந்திருக்கும் துரு. அந்தத் துருவைப் புரிந்துகொள்ள, கார் எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று இந்தியச் சாலைகளில் 2019 முதல் காணப்படும் எம்ஜி கார்களுக்கும் இந்தப் பழைய காருக்கும் பெயரும் எண்கோண முத்திரையும் மட்டுமே பொது. அந்தப் பெயர் இப்போது சீன நிறுவனம் ஒன்றின் உடைமை.

தோற்றம்

எம்ஜி என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய வாகன விற்பனை நிலையத்தின் மேலாளரான செசில் கிம்பர், 1920களில் சாதாரண மாரிஸ் கார்களின் மேல் அழகிய உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1929இல் இத்தொழில் அருகிலிருந்த அபிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. அபிங்டன் தொழிற்சாலை கடைசிவரை ஒரு பொருத்துமிடமாகவே இருந்தது. என்ஜின் ஓரிடத்திலிருந்தும் உடல் இன்னோரிடத்திலிருந்தும் வந்து சேரும். அங்கே பொருத்தி, ஓட்டிப் பார்த்து, அனுப்புவார்கள்.

1955இல் வந்த எம்ஜிஏ நன்றாக விற்றது. ஏழு ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிய முதல் விளையாட்டுக் கார்களில் அதுவும் ஒன்று. அதன் வாரிசாகத் தலைமைப் பொறியாளர் சிட் எனெவர் தலைமையில் உருவானதே எம்ஜிபி. வெளித்தோற்றத்தை வரைந்தவர் டான் ஹேட்டர். 1962 செப்டம்பரில் அது அறிவிக்கப்பட்டது. 1965இல் வந்த ஜிடி வடிவத்தின் கூரை அமைப்பில் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் கைவண்ணம் உண்டு.

அடிச்சட்டம் இல்லாத கார்

எம்ஜிஏ காரில் கனமான எஃகு அடிச்சட்டம் ஒன்று தனியாக இருந்தது. உடல் தகடுகள் அதன்மேல் போர்த்தப்பட்டவை மட்டுமே. தகடு துருப்பிடித்தாலும் சட்டம் பாரத்தைத் தாங்கும். நம் ஊர் லாரியின் கேபினைக் கழற்றி வைத்தாலும் சேஸிஸ் தனியே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எம்ஜிபியில் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை அழுத்தி வளைத்துப் பெட்டிகளாக்கி, அவற்றை ஒன்றோடொன்று புள்ளி வெல்டிங் செய்து, உடலையே சட்டமாக ஆக்கியிருந்தார்கள். இதனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் எம்ஜிஏவைவிட மூன்று அங்குலம் குறைந்தபோதிலும் உள்ளே இடம் கூடியது. அக்காலத்தில் ஒரு திறந்த விளையாட்டுக் காருக்கு இது துணிச்சலான முடிவு.

துணிச்சல் என்பதற்குக் காரணம் உண்டு. மூடியுள்ள அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுங்காது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் வளைந்துகொடுக்கும். கூரை உள்ள காரில் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் சேர்ந்து வலுவூட்டுகின்றன. ரோட்ஸ்டரில் கூரை இல்லை. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் நடுவில் தொய்யாமல் பிடித்துவைக்கும் வேலை முழுவதும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டி விட்டங்களின் மேல் விழுகிறது. நடுவிலுள்ள கியர்பாக்ஸ் மேடு ஓரளவு துணைபுரியும். இந்தப் பெட்டி விட்டங்களை ஆங்கிலேயத் தொழிலாளர் ‘சில்’ என்பார்கள். கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கும்போது நாம் தாண்டுகிற வாசற்படி போன்ற பகுதி அது.

எம்ஜிபியின் சில் ஒற்றைத் தகடு அல்ல. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு, அடியில் கோட்டைச் சுவரின் மேல்விளிம்பைப் போல மேடும் பள்ளமுமாக ஓடும் ஒரு பட்டை. இத்தனையும் சேர்ந்தே ஒரு சில். புதிதாக இருக்கும்போது இது மிக வலிமையான அமைப்பு. சிக்கல் என்னவென்றால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது முதல் தகடு மட்டும்தான்.

துரு பிடிக்கும் இடங்கள்

1960களில் கார் உடலின் உட்புறக் குழிகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு தருவது அரிது. பெட்டியின் உட்பக்கத்துக்குப் பெயின்ட் சரியாகச் சென்று சேர்வதில்லை. இங்கிலாந்தின் மழையும், குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பும் மீதி வேலையைச் செய்தன. கறையான் அரித்த நிலைக்கதவு வெளியே வழவழப்பாக இருந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போவது போலத்தான் எம்ஜிபியின் சில்லும்.

முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உட்புறத்தில், மேல் விளிம்பிலும் பின்புறக் கீழ்மூலையிலும் தங்கும். அது காய்வதேயில்லை. அந்தக் கீழ்மூலைக்குப் பின்னால்தான் சில்லின் முன்முனை இருக்கிறது. மட்கார்டு அதை மூடியிருப்பதால் அங்கே நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. பின்புறமும் இதே கதைதான். சில்லின் பின்முனை பின் மட்கார்டின் அடிப்பகுதிக்குள் புகுந்து முடிகிறது. ஆக, சில்லைச் சரியாக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடியை வெட்ட வேண்டும். வேலையும் செலவும் இங்கேதான் பெருகுகின்றன. ஏமாற்று வேலையும் இங்கேதான் பிறக்கிறது.

அந்த ஏமாற்று வேலையை ஆங்கிலேயர் ‘மூடி சில்’ என்ற பொருளில் குறிப்பிடுவர். அரித்துப்போன பழைய தகட்டை வெட்டியெடுக்காமல், அதன் மேலேயே ஒரு புதிய தகட்டைப் போர்த்தி, ஓரங்களில் வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. பார்வைக்குப் புத்தம்புதிதாக இருக்கும். உள்ளே நடுத்தடுப்புத் தகடு பொடியாகிக் கிடக்கும். பாரத்தைத் தாங்க வேண்டிய பெட்டி இப்போது வெறும் அலங்காரத் தகடு. 1970களிலும் 1980களிலும், கார் வெறும் பழைய கார் என்று கருதப்பட்ட காலத்தில், இன்னும் ஓராண்டு ஓடினால் போதும் என்று இப்படிச் செய்யப்பட்ட வேலைகள் மிகுதி. அன்று செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கார் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு சேகரிப்பாளரின் கைக்குப் போகும் என்று அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. இன்று அதைத் தெரிந்தே மறைத்து விற்பவர்களின் கதை வேறு.

மறைந்திருக்கும் இந்தப் பலவீனத்தைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ளவர்கள் கையாளும் முறைகள் எளிமையானவை. கதவு மூடியிருக்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்ப்பார்கள். மேலிருந்து கீழ்வரை அது ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். தரையில் நன்றாக மூடிய கதவு, தூக்கியதும் சிக்கினால் உடல் வளைகிறது. ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கி உள்ளே போன கார்களும் உண்டு. துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால், ஒட்டாத இடத்தில் பட்டி தடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அடியில் புகுந்து பார்த்தால் கோட்டைச் சுவர்ப் பட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் இடத்தில் தட்டையான தகடு ஒன்று முழுநீளமாக ஓடினால் யாரோ மூடியிருக்கிறார்கள்.

இதைத் தவிர வேறு இடங்களும் உண்டு. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்குக் கீழே தொங்கும் பேட்டரிப் பெட்டிகள் அமிலத்தாலும் சாலைச் சேற்றாலும் அரிபடும். தரைத் தகட்டின் மேல் விரித்த கம்பளம் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெட்ரோல் தொட்டி டிக்கியின் தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் பொருத்தப்பட்டிருப்பதால் இடையில் ஈரம் தங்கி, தொட்டியின் மேற்பரப்பு ஓட்டையாகும். பாதித் தொட்டிவரை பெட்ரோல் போட்டால் ஒன்றும் தெரியாது. முழுவதும் நிரப்பிய அன்றுதான் நாற்றம் வரும். கதவில் சிறு முக்கோணக் கண்ணாடி நிற்கும் இடத்துக்குக் கீழே தகட்டில் ஒரு விரிசல் தோன்றுவதும் இந்தக் காரின் அடையாளம் போலவே ஆகிவிட்டது. அது துருவால் வருவதல்ல, கதவை அடித்து மூடுவதால் வரும் தகட்டுச் சோர்வு.

சில் மாற்றும் வேலை

சில் மாற்றுவதில் மிகப் பெரிய ஆபத்து வெல்டிங்கில் இல்லை, அளவில் இருக்கிறது. பழைய சில்லை வெட்டியெடுத்த மறுகணம் ரோட்ஸ்டரின் முன்பாதியும் பின்பாதியும் தரைத் தகட்டாலும் நடு மேட்டாலும் மட்டுமே இணைந்திருக்கின்றன. கார் சரியாகத் தாங்கப்படாவிட்டால் அப்போதே சில மில்லிமீட்டர் தொய்யும். அந்த நிலையில் புதிய சில்லை வெல்டிங் செய்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு எத்தனை முறை கீல்களைச் சரிசெய்தாலும் கதவு சரியாக மூடாது.

எனவே நல்ல பட்டறைகளில் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்துவார்கள். காரைச் சக்கரம் நிற்கும் இடங்களுக்கு அருகில் சமமாகத் தாங்குவார்கள். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தில் கை வைப்பார்கள். புதிய தகடுகளைக் கவ்விகளால் பிடித்து, கதவையும் மட்கார்டையும் மாட்டி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே நிரந்தர வெல்டிங். மாட்டுவது, பார்ப்பது, கழற்றுவது, திருத்துவது, மறுபடி மாட்டுவது என்று போகும் இந்த வேலையில் பெரும் நேரம் வெல்டிங்குக்கு அல்ல, அளந்து பார்ப்பதற்கே செல்கிறது. வீட்டுக் கராஜில் அவசரப்பட்டுச் செய்தவர்கள் தவறியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரித்தானியாவில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையில் சில் போன்ற பாரம் தாங்கும் பகுதிகளின் துருவும் பார்க்கப்பட்டு வந்தது. 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டைக் கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை என்றாயிற்று. கடைசி எம்ஜிபியும் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. உரிமையாளருக்குச் செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் வெளியாள் ஒருவர் ஆண்டுக்கொரு முறை அடியில் விளக்கடித்துப் பார்ப்பது நின்றுபோனதால், மூடி சில் போட்ட கார் யார் கண்ணிலும் படாமல் கைமாறவும் வழி பிறந்தது. விபத்து நேர்ந்தால் உள்ளிருப்பவர்களைக் காக்க வேண்டிய விட்டம் அது என்பதை நினைத்தால் இந்த விலக்கு அவ்வளவு நல்லதாகத் தோன்றவில்லை. விலக்கு இருந்தாலும் விரும்பிச் சோதனைக்குக் கொண்டுபோகத் தடையில்லை. பலர் அப்படிச் செய்கிறார்கள்.

என்ஜின்: அம்பாசிடரின் உறவு

எம்ஜிபியின் 1798 கன செ.மீ. என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. இந்த வரிசை இந்தியர்களுக்கு அந்நியமானதல்ல. நீண்ட காலம் அம்பாசிடர் காரில் ஓடிய 1489 கன செ.மீ. பெட்ரோல் என்ஜின் இதே குடும்பம்தான். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பிளாக்கின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட், அதிலிருந்து தள்ளுகம்பிகள் வழியாக இயங்கும் வால்வுகள். அம்பாசிடரைச் சாலையோர மெக்கானிக் சில கருவிகளோடு பிரித்துப் பூட்டியதை நேரில் கண்டவர்கள், எம்ஜிபி என்ஜினின் எளிமையையும் அதன் சத்தத்தையும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதலிரண்டு ஆண்டுகளில் கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங்குகளே தாங்கின. 1964 இறுதியில் அது ஐந்தாயிற்று. மூன்று பேரிங் என்ஜின் சற்றுச் சுறுசுறுப்பானது என்று விரும்புவோர் உண்டு. ஐந்து பேரிங் என்ஜின் நீடித்து உழைக்கும். பழைய வகையில் பின்முனையில் எண்ணெய் தடுக்க ரப்பர் சீல் கிடையாது, திருகுமரை போன்ற ஒரு பள்ளம் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். தேய்ந்த என்ஜினில் அது போதாது. கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இருப்பதை இந்தக் கார்க்காரர்கள் குறையாகவே கருதுவதில்லை.

என்ஜின் அவ்வளவு உறுதியானது என்றாலும், அது பிறந்த காலத்துப் பெட்ரோலும் எண்ணெயும் இன்று இல்லை. அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், புகைபோக்கும் வால்வு வந்து அமரும் விளிம்பில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டித் தேயாமல் காத்தது. உடல்நலக் கேடு காரணமாக 1999 இறுதியோடு பிரித்தானியாவில் ஈயப் பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அது சரியான முடிவுதான். ஆனால் பழைய ஹெட் கொண்ட என்ஜின்களில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதையத் தொடங்கியது. கடினமான எஃகு வளையங்களை வால்வு சீட்டாகப் பொருத்திவிட்டால் தொல்லை தீரும். ஹெட்டை எப்படியும் கழற்றும்போது இதையும் செய்துவிடுவதே வழக்கம். மெதுவாக, குறைவாக ஓட்டப்படும் காரில் இதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

2021 செப்டம்பரில் பிரித்தானியாவின் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கப்பட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்பவும் வெடிக்கவும் செய்யும். ஈரத்தை இழுத்துவைக்கும். சூடான புகைக்குழாய்க்கு அருகே ஓடும் பெட்ரோல் குழாய் வெடித்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே எம்ஜிபி வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிப் போடுவது. எண்ணெயிலும் இதே போன்ற மாற்றம் நேர்ந்தது. இக்காலக் கார்களின் புகை சுத்திகரிப்பானைக் காக்க எண்ணெயில் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் குறைத்தார்கள். கேம் ஷாஃப்டும் அதன்மேல் உராயும் டாப்பெட்டும் அந்தச் சேர்மத்தை நம்பி இருந்தவை. புதுக் கேம் ஷாஃப்ட் போட்டு, தவறான எண்ணெய் ஊற்றி, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்த்தவர்கள் உண்டு.

இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களில் தேய்வது பெரும்பாலும் திராட்டில் தண்டு. தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையே காற்று கசிந்தால் ஐடிலிங் நிலைக்காது. இரண்டையும் ஒரே அளவில் இழுக்கவைக்க எத்தனை முயன்றாலும் பலன் இருக்காது. ‘டியூனிங் சரியில்லை’ என்று பட்டறைக்குப் பட்டறை அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தண்டைத்தான்.

மின்சாரத் தொல்லைகள்

பிரித்தானியக் கார்களுக்கு மின்கருவிகள் வழங்கிய லூகாஸ் நிறுவனத்தைக் கேலிசெய்து ‘இருளின் இளவரசர்’ என்று அழைப்பது அமெரிக்க எம்ஜி உரிமையாளர்களின் பழைய வழக்கம். கேலி முழுவதும் நியாயமானதல்ல. ஐம்பது ஆண்டு வயதான கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருப்பதும், உடலோடு சேரும் எர்த் இணைப்பு துருப்பிடித்திருப்பதுமே பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர். இணைப்புகளைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

1967க்கு முந்தைய எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை அறியாமல் இக்காலத்து ரேடியோவை மாட்டினால் ஒரு நொடியில் எரிந்துவிடும். 1967க்குப் பின் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது, முனையும் நெகட்டிவாக மாறியது. பழைய கார்களிலும் பலர் பின்னாளில் முனையை மாற்றியிருப்பார்கள். எனவே தயாரிப்பு ஆண்டை மட்டும் நம்பி எதையும் இணைக்கக் கூடாது, பேட்டரியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேட்டரியும் 1974 வரை ஒன்றல்ல, ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பராமரிப்பார் யாருமில்லை.

பின்புறம் பொருத்தப்பட்ட மின் பெட்ரோல் பம்பின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் கார் நடுவழியில் நிற்கும். இறங்கி, பம்பை ஒரு ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் மீண்டும் ஓடும். இது வேடிக்கைக் கதையாகச் சொல்லப்பட்டாலும், உண்மையாகவே பலரை வீடு சேர்த்த வைத்தியம்.

கியரும் சக்கரமும்

1967 வரை முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. அதன்பின் நான்குக்கும் உண்டு. பலவற்றில் லேகாக் ஓவர்டிரைவ் பொருத்தப்பட்டிருக்கும். அது வேலை செய்யாவிட்டால் விற்பவர் ‘சின்ன வயர் கோளாறு’ என்பார். சில வேளை அது உண்மை. இல்லாவிட்டால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும், ஏனெனில் எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் தனியே கீழே இறக்க முடியாது. முன்சக்கரங்கள் கிங்பின்களில் திரும்புகின்றன. சில ஆயிரம் மைலுக்கொரு முறை கிரீஸ் அடிக்காவிட்டால் அவை தேயும். கம்பிச் சக்கரம் உள்ள காரில், நின்ற காரை நகர்த்தும்போது பின்னால் ‘டொக்’ என்று சத்தம் வந்தால் சக்கரத்தைப் பிடிக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள்.

1974: கறுப்பு பம்பர்

இந்தக் காரின் வரலாற்றில் ஒரு கோடு கிழிக்க வேண்டுமானால் அது 1974இன் இறுதியில் விழும். மெதுவான மோதலில் விளக்கும் உடலும் சேதமடையக் கூடாது என்ற அமெரிக்க விதிக்காகப் பளபளப்பான குரோம் பம்பர் போய், கனமான கறுப்பு பம்பர் வந்தது. உயரம் பற்றிய விதிக்காக முழுக் காரையும் சுமார் ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். வளைவுகளில் கார் சாயத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சாய்வுத் தடுப்புக் கம்பிகளைச் சேர்த்து அதை ஓரளவு சரிசெய்தனர். அமெரிக்காவுக்குச் சென்றவற்றில் இரட்டைக் கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வந்து, சக்தி வெகுவாகக் குறைந்தது.

சந்தையில் குரோம் பம்பர் காருக்கு விலை அதிகம். அதனால் பிற்காலக் காரை வெட்டித் தாழ்த்தி, குரோம் பம்பர் மாட்டி, பழையதைப் போல ஆக்குவது பெருகியது. நன்றாகச் செய்தால் அழகாகவே இருக்கும். ஆனால் அதைப் பழைய கார் என்றே சொல்லி விற்பது மோசடி. காரின் எண் தகட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார். ‘ஜிஎச்என்’ எனத் தொடங்கினால் ரோட்ஸ்டர், ‘ஜிஎச்டி’ என்றால் ஜிடி. தொழிற்சாலைப் பதிவேடுகள் இன்று கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் கார் எந்த நாளில் கட்டப்பட்டது, முதலில் என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்பதற்குச் சான்றிதழ் தருவார்கள். வாங்கும் முன் செய்ய வேண்டிய மிக மலிவான வேலை இதுதான்.

பிற்காலக் கார்களைத் தாழ்வாக எண்ணுவதும் சரியல்ல. 1973 முதல் 1976 வரை ரோவர் வி8 என்ஜினுடன் 2,591 ஜிடி கார்கள் வந்தன. அதற்காக மாற்றிய என்ஜின் தாங்கிகள் 1974க்குப் பிந்தைய எல்லா எம்ஜிபி உடல்களிலும் இடம்பெற்றன. ஆகவே பின்னாளில் வி8 என்ஜின் மாட்ட விரும்பியவர்களுக்கு மலிவான கறுப்பு பம்பர் காரே வசதியாக அமைந்தது.

தொழிற்சாலை மூடலும் அச்சுகளின் மறுவாழ்வும்

1979 செப்டம்பரில், அபிங்டன் தொழிற்சாலையின் ஐம்பதாம் ஆண்டு விழாவை ஊரே கொண்டாடி முடித்த கையோடு, அது மூடப்படும் என்ற செய்தியை பிரிட்டிஷ் லேலண்ட் வெளியிட்டது. ஆஸ்டன் மார்ட்டின் சார்ந்த ஒரு குழு வாங்க முயன்றது, பலிக்கவில்லை. 1980 அக்டோபரில் கதவடைக்கப்பட்டது.

பொதுவாக ஒரு கார் நின்றுபோனால் அதன் தகடுகளை அழுத்தும் அச்சுக்கருவிகள் பழைய இரும்புக்குப் போகும். அப்போதே அந்தக் காருக்கு வயது எண்ணப்படத் தொடங்கும். எம்ஜிபிக்கு அப்படி நேரவில்லை. பிரிட்டிஷ் லேலண்ட் 1975இல் தொடங்கியிருந்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற துணை நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடித் திரட்டியது. முதலில் தனித்தனித் தகடுகள் வந்தன. 1988இல், கதவு, பானெட், டிக்கி மூடி உட்பட எம்ஜிபியின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகளான காருக்குத் துருவே இல்லாத புது உடல் கிடைப்பது அதுவரை கேள்விப்படாத செய்தி. அதே உடலின் அடிப்படையில், வி8 என்ஜினுடன் 1992 முதல் 1995 வரை எம்ஜி ஆர்வி8 என்ற காரையே ரோவர் நிறுவனம் வெளியிட்டது. சுமார் இரண்டாயிரம் கார்களில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது.

புது உடல் கிடைத்ததும் புதுக் கேள்வி ஒன்று முளைத்தது. பிடியையும் மாற்றி அலகையும் மாற்றிய அரிவாள் பழைய அரிவாள்தானா? பிரித்தானியப் பதிவு விதிகள் இதற்கு நடைமுறைக்கேற்ற விடை தந்தன. புது உடல் மூல வடிவத்தை ஒத்திருந்து, என்ஜின், அச்சு போன்ற முக்கியப் பாகங்களில் குறைந்தது இரண்டு பழைய காரிலிருந்தே வந்தால் பழைய பதிவெண் தொடரலாம் என்று அவை கூறின. சேகரிப்பாளர்களுக்கு அது போதவில்லை. துருவை வெட்டி ஒட்டு வைத்த மூல உடலை மதிப்பவர்களும், பாதுகாப்பான புது உடலே மேல் என்பவர்களும் இன்றுவரை பிரிந்தே நிற்கிறார்கள். காரைக் காட்சிக்கு வைப்பவருக்கு முதல் கட்சி பொருந்தும். குடும்பத்தோடு சாலையில் ஓட்டுபவருக்கு இரண்டாம் கட்சியின் வாதமே வலுவானது.

கணக்கு

எம்ஜிபி மலிவான கார் என்பதே அதன் மீட்டெடுப்பில் மறைந்திருக்கும் முள். ஓர் அரிய ஃபெராரியின் சில்லை மாற்ற எத்தனை மணி நேரம் ஆகுமோ, கிட்டத்தட்ட அத்தனை மணி நேரம் இதற்கும் ஆகும். பெயின்ட் விலையும் ஒன்றே. ஆனால் வேலை முடிந்த பின் ஃபெராரியின் விலை செலவை ஈடுகட்டலாம், எம்ஜிபியின் விலை பெரும்பாலும் ஈடுகட்டாது. தொழில்முறைப் பட்டறையில் முழுமையாகச் செய்த எம்ஜிபியை விற்றால் செலவழித்த பணம் திரும்பாது என்பதை எம்ஜி கழகங்களின் பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்கிறார்கள். 1930இல் தொடங்கிய எம்ஜி கார் கிளப்பும், 1973இல் தொடங்கிய எம்ஜி ஓனர்ஸ் கிளப்பும் இத்தகைய அறிவுரையாலேயே பலருடைய சேமிப்பைக் காத்திருக்கின்றன.

இதனால் சந்தையில் மூன்று வகைக் கார்கள் நிற்கின்றன. வேறொருவர் செலவழித்து முடித்தது ஒன்று. படங்களும் ரசீதுகளும் இருந்தால் வாங்குபவருக்கு அதுவே லாபம். வெளியே மினுக்கி உள்ளே அழுகியது இன்னொன்று. மூன்றாவது, பாதியில் நின்றுபோன வேலை. உடல் ஒரு மூலையில், என்ஜின் இன்னொரு மூலையில், திருகுகள் பெயரெழுதாத டப்பாக்களில். விலை மிகக் குறைவாக இருக்கும். ஆனால் எந்தப் பாகம் குறைகிறது என்பது கடைசியில் பூட்டும்போதுதான் தெரியவரும். கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட அமெரிக்க மாநிலங்களிலிருந்து திரும்பிவரும் இடப்பக்க ஸ்டீயரிங் கார்களைப் பலர் தேடுவதற்கும் இதுவே காரணம். வெயிலில் வெடித்த டேஷ்போர்டையும் கிழிந்த இருக்கையையும் புதிதாக வாங்கலாம், ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றவும் உதிரிபாகங்கள் கிடைக்கும். அந்த ஊரில் உப்புத் தூவுவதில்லை, ஆகவே சில்லின் நடுத் தகடு அப்படியே இருக்கும்.